ஆல்புமின் 2.3

4 மார்ச் 2024, திங்கள்

சித்தப்பாவின் ரத்தத்தை இன்று நானே இயந்திரத்தில் ஏற்றினேன். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதே வயிறு கலங்கியது. சீரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். இது பழுப்பேறிக் கிடந்தது.

பிலிருபின் 11.8. அதில் நேரடி பிலிருபின் மட்டும் 8.9. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 642. காமா ஜிடி 410. எஸ்ஜிபிடி 88தான். வைரஸ் காமாலை முற்றியிருக்கும்போது எஸ்ஜிபிடி பெரும்பாலும் ஆயிரத்தைத் தாண்டி நிற்கும், பாஸ்பட்டேஸ் இவ்வளவு ஏறாது. இந்த வரிசையைப் பார்த்துப் பித்தக்குழாயில் அடைப்பு என்று சொல்ல எங்கள் ஆய்வகத்தில் யாருக்கும் ஒரு நிமிடம் ஆகாது.

என்னை உட்கார வைத்தது அதற்கும் கீழே இருந்த வரி. ஆல்புமின் 2.3. நல்ல உடம்பில் டெசிலிட்டருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்க வேண்டிய புரதம்.

கட்டுப்பாட்டு மாதிரியை ஓட்டிச் சரிபார்த்துவிட்டு மறுபடி போட்டேன். அதே 2.3. நாங்கள் பயன்படுத்துவது புரோமோகிரசால் கிரீன் என்கிற சாயம். அமிலக் கரைசலில் மஞ்சளாக இருப்பது, ஆல்புமினோடு ஒட்டியதும் பச்சையாகும். பச்சை எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆல்புமின். ஆல்புமின் மிகவும் குறைந்துபோன ரத்தத்தில் இந்தச் சாயம் குளோபுலின்களையும் கொஞ்சம் பிடித்துக்கொண்டு அளவைக் கூட்டிக் காட்டும். ஆக, உண்மை அளவு 2.3க்கும் கீழே இருக்கலாம்.

சிறுநீரில் ஆல்புமின் ஒழுகுகிறதா என்றும் பார்த்தேன். இல்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

சித்திக்குப் போன் செய்து, நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

5 மார்ச், செவ்வாய்

கல்கத்தா லேக் மார்க்கெட்டில் உள்ள சித்தப்பா வீட்டுக்குள் நுழைந்தாலே டிகாக்‌ஷன் வாசனை வரும். இன்று இல்லை. குமட்டுகிறது என்று சித்தப்பா காப்பியை விட்டு மாதமாகிறதாம். சட்டைக் கழுத்து தொளதொளவென்று தொங்குகிறது. கைகளெங்கும் சொறிந்த தழும்பு. கணுக்காலுக்கு மேல் விரலை வைத்து அழுத்தினேன். குழி அப்படியே நின்றது.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக வந்தது. 2016இல் பித்தப்பையில் கல் என்று அறுவை செய்து எடுத்தார்கள். இரண்டு வருஷமாக எப்போதாவது நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், ஐந்து நாள் மாத்திரையில் போய்விடும். போன துர்கா பூஜைக்கு முன்பிருந்தே உடம்பெல்லாம் அரிப்பு, ராத்திரியில் அதிகம். அதற்குத் தோல் களிம்பு. மலம் வெளுத்துப் போகிறது, சிறுநீர் பழுப்பாகப் போகிறது. இவை எல்லாம் ஒரே கதையின் பகுதிகள் என்று இத்தனை நாளும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு மாஷிமா ஜண்டிஸ் மாலை வாங்கி வந்து சித்தப்பாவின் தலையில் வைத்திருந்தார். சின்னச் சின்னக் குச்சித் துண்டுகளைக் கோத்த மாலை. நாளாக நாளாக அது நீண்டு இறங்கும், கூடவே காமாலையும் இறங்கும் என்று வங்காளத்தில் நம்பிக்கை. சித்தி தன் பங்குக்கு ஊரிலிருந்து கீழாநெல்லி வரவழைத்து அரைத்துக் கொடுத்திருக்கிறாள். இருவரும் அன்பால் செய்தது. வைரஸ் காமாலை பெரும்பாலும் தானே தணிந்துவிடும், அதனால் எது கொடுத்தாலும் பலித்தது என்று தோன்றும். அடைபட்ட குழாய் தானே திறக்காது. இந்த ஒரு வித்தியாசத்தை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஆவேசம் வருகிறது எனக்கு.

அதைவிட வருத்தம் சாப்பாடு. லிவர் கெட்டிருக்கிறது என்று பருப்பு, பால், தயிர் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். கரும்புச்சாறு, பார்லிக் கஞ்சி, வேகவைத்த பப்பாளிக்காய். இதிலேயே மாதங்கள் ஓடியிருக்கின்றன.

சித்தப்பா சணல் ஆலை அலுவலகத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ரிப்போர்ட்டை வாங்கி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நேராக அந்த வரியில் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் கூடியிருக்கு, இது மட்டும் ஏம்மா குறைஞ்சிருக்கு? வரவு கம்மியாச்சா, செலவு கூடிப்போச்சா?"

"ரெண்டும்தான் சித்தப்பா" என்றேன். அவர் கேட்ட விதத்திலேயே இரவு உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன்.

வரவு: ஆல்புமினைச் செய்கிற இடம் உடம்பில் ஒன்றே ஒன்று, கல்லீரல். நாளுக்கு 10 முதல் 15 கிராம். கையிருப்பு: உடம்பு முழுக்கச் சுமார் 300 கிராம். அதில் ரத்தத்துக்குள் இருப்பது ஐந்தில் இரண்டு பங்குதான், மீதி திசுக்களின் இடைவெளியில் உலவுகிறது. செலவு: பழையது மெல்லச் சிதைகிறது, இருப்பில் பாதி கரைய ஏறக்குறைய 3 வாரம் ஆகும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. கல்லீரல் இன்றைக்கே உற்பத்தியை முழுக்க நிறுத்தினாலும் 4 கிராம் 2 ஆக இறங்க மூன்று வாரம் பிடிக்கும். முழுக்க நிற்பது என்பதும் நடப்பதில்லை. ஆகவே நேற்றுக் கல் சிக்கி இன்றைக்குக் கண் மஞ்சளானவருக்கு ஆல்புமின் சாதாரணமாகவே இருக்கும். பிலிருபின் எவ்வளவு என்பது அடைப்பின் இறுக்கத்தைச் சொல்லும். ஆல்புமின் அதன் வயதைச் சொல்லும். சித்தப்பாவுடைய அடைப்புக்கு வயது மாதக்கணக்கில், ஒருவேளை வருஷக்கணக்கில்.

7 மார்ச், வியாழன்

விடியற்காலை நடுக்கம், 103 டிகிரி காய்ச்சல், பேச்சில் தடுமாற்றம். பைபாஸ் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தோம். பித்தக்குழாய்த் தொற்று. ரத்தம் எடுத்து வளர்ப்புக்கு அனுப்பிய கையோடு ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது. அழற்சியைக் காட்டும் சிஆர்பி 148.

மாஷிமாவும் மருத்துவமனைக்கு வந்திருந்தார். வேலூருக்குக் கூட்டிப்போகலாமே என்றார். வங்காளத்தில் பாதிப் பேருக்குப் பெரிய நோய் என்றால் முதலில் நாவில் வருவது வேலூர்தான். ஹவுராவிலிருந்து தெற்கே போகும் ரயில்களில் ரிப்போர்ட் பைகளோடு உட்கார்ந்திருக்கும் குடும்பங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தக் காய்ச்சலோடு ஒன்றரை நாள் பயணம் கூடாது.

8 மார்ச், வெள்ளி

காய்ச்சல் தணிகிறது. வளர்ப்பில் ஈ.கோலை வந்திருப்பதாக மாலையில் தெரிந்தது. குடலில் குடியிருக்கும் கிருமி, தேங்கிய பித்தத்துக்குள் ஏறியிருக்கிறது.

ஆல்புமின் கதையில் தொற்றுக்குப் பெரிய பங்கு உண்டு, அதை மக்கள் கவனிப்பதில்லை. அழற்சி வந்தால் இன்டர்லூகின்-6 என்கிற சமிக்ஞை கல்லீரல் செல்லைப் போய் எட்டும். உடனே செல் தன் வேலையை மாற்றிக்கொள்ளும். சிஆர்பி, ஃபைப்ரினோஜன் போன்ற போர்க்காலப் புரதங்கள் முதலில், ஆல்புமின் பிறகு. அதே நேரத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, இருக்கிற ஆல்புமினும் வெளியே கசியும். சித்தப்பாவுக்கு இரண்டு வருஷமாக வந்து போன ஒவ்வொரு காய்ச்சலும் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

கல்சியம் 7.6 என்று வந்ததைப் பார்த்து இளம் மருத்துவர் ஒருவர் கவலைப்பட்டார். ரத்தக் கல்சியத்தில் ஏறக்குறையப் பாதி ஆல்புமினைப் பற்றிக்கொண்டுதான் ஓடுகிறது. ஆல்புமின் 4க்குக் கீழே குறைகிற ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிப் பார்த்தால் 9க்குப் பக்கத்தில் வருகிறது. கல்சியம் குறையவில்லை, அதைச் சுமக்கிறவர் குறைந்திருக்கிறார்.

ரத்தம் உறையும் நேரம்தான் இப்போது பயம். ஐஎன்ஆர் 1.9. இந்த நிலையில் எண்டோஸ்கோப்பி செய்து குழாய்வாயை வெட்ட முடியாது. வைட்டமின் கே 10 மில்லிகிராம் நரம்பில் ஏற்றியிருக்கிறார்கள். நாளையும் மறுநாளும் உண்டு.

10 மார்ச், ஞாயிறு

ஐஎன்ஆர் 1.2!

வார்டு வராந்தாவில் நின்று சித்தியைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு எதற்கென்றே புரியவில்லை. புரிய வைக்க அரை மணி ஆனது, இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

ரத்தத்தை உறைய வைக்கிற காரணிகளில் இரண்டு, ஏழு, ஒன்பது, பத்து ஆகிய நான்கையும் கல்லீரல்தான் செய்கிறது. செய்து முடிக்க வைட்டமின் கே வேண்டும். அது கொழுப்பில் கரைகிற வைட்டமின். குடலில் பித்தம் இருந்தால்தான் உள்ளே போகும். அடைப்பினால் பித்தம் குடலுக்கு வராமல் போனால் வைட்டமின் கே உடம்புக்கு எட்டாது. அப்போது கல்லீரல் திடமாகவே இருந்தாலும் ஐஎன்ஆர் ஏறும். நரம்பு வழியாக வைட்டமினைக் கொடுத்ததும் இறங்கினால், செய்கிற இடம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கொடுத்தும் இறங்காவிட்டால் கல்லீரல் செல்லே தேய்ந்துவிட்டது.

சித்தப்பாவுக்கு இறங்கிவிட்டது. அப்படியானால் ஆல்புமின் 2.3 என்பதை முழுக்கக் கல்லீரல் செத்ததன் கணக்கில் எழுத வேண்டியதில்லை. தொற்றும் பட்டினியும் அதில் பெரும் பங்கு எடுத்திருக்க வேண்டும். இரண்டையும் நிறுத்த முடியும்.

ஏழாம் காரணியின் பாதி ஆயுள் வெறும் 6 மணி நேரம். அதனால் உறைதல் சோதனை கல்லீரலின் இன்றைய நிலையைச் சொல்கிறது. மூன்று வாரப் பாதி ஆயுளுள்ள ஆல்புமின் சொல்வது போன மாதத்து நிலையை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்லிச் சொல்லி மனதில் பதிந்தது. இன்றைக்கு என் வீட்டு ரத்தத்தில் அதைப் படித்தேன்.

12 மார்ச், செவ்வாய்

எம்ஆர்ஐயில் இடம் தெரிந்தது: கல்லீரலிலிருந்து இறங்கும் பொதுக்குழாயில், பழைய அறுவை நடந்த இடத்துக்கு அருகே ஒரு சுருக்கம். அதற்கு மேலே குழாய்களெல்லாம் வீங்கிக் கிடக்கின்றன. புற்றுக்கான அடையாளம் எதுவும் படத்தில் இல்லை.

இன்று ஈஆர்சிபி. வாய் வழியாகக் குழாயை இறக்கி, சுருக்கத்திலிருந்து தூரிகையால் செல்களை எடுத்து நோயியலுக்கு அனுப்பி, பலூனால் அதை விரித்து, இரண்டு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்ததும் கலங்கிய பித்தம் சீழோடு கொட்டியதாக மருத்துவர் சொன்னார். நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கிற பித்தம் போக வழியில்லாமல் பின்னால் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. சோப்பு கொழுப்பைக் கரைக்கிற மாதிரி பித்த உப்புகள் கொழுப்பைக் கரைக்கக்கூடியவை. செல்லின் சவ்வும் கொழுப்புதான். அவை தேங்கினால் முதலில் பழுதாவது அவற்றைச் செய்த செல்லே. ஆல்புமின் வரவு குறைய இது நேரடிக் காரணம்.

மாலையில் சித்தப்பாவின் மைத்துனர் வந்தார். நல்ல மனிதர், அவசரக்காரர். "ஆல்புமின் கம்மின்னா ஆல்புமின் பாட்டிலையே ஏத்திடலாமே, காசைப் பத்திக் கவலைப்பட வேண்டாம்" என்றார். எத்தனை குடும்பங்கள் நகையை அடகு வைத்து இந்தப் பாட்டிலை வாங்குகின்றன! அதனால் மாமாவுக்குப் பொறுமையாகச் சொன்னேன். 100 மில்லி பாட்டிலில் 20 கிராம் இருக்கிறது. உடம்பின் கையிருப்பு 300 கிராம். ஏற்றியது சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுத் திசுக்களுக்குள் பரவும், எண் இரண்டு நாள் ஏறி மறுபடி இறங்கும். 2021இல் இங்கிலாந்தில் வெளியான அட்டயர் என்ற பெரிய ஆய்வில், முற்றிய சிரோசிஸுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்குத் தினமும் ஆல்புமின் ஏற்றி 3க்குக் கொண்டுபோகப் பார்த்தார்கள். தொற்றோ, சிறுநீரகக் கோளாறோ, மரணமோ குறையவில்லை. நுரையீரலில் நீர் தேங்குவது கூடியது.

வயிற்றிலிருந்து 5 லிட்டருக்கு மேல் நீர் எடுக்கும்போது, வயிற்று நீரில் கிருமி புகுந்தால், கல்லீரலால் சிறுநீரகம் செயலிழக்கத் தொடங்கினால், அங்கே ஆல்புமின் உயிர் காக்கும் மருந்து. சித்தப்பாவுக்கு இவற்றில் எதுவும் இல்லை. மாமா ஏற்றுக்கொண்டார். காசை வைத்திருங்கள், ஸ்டென்ட் மாற்ற வேண்டிவரும் என்றேன்.

15 மார்ச், வெள்ளி

ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் போகும் மெட்ரோ இன்று பயணிகளுக்குத் திறந்தது. வார்டில் அதே பேச்சு. சித்தப்பா எழுந்து உட்கார்ந்து, "டிஸ்சார்ஜ் ஆனதும் முதல் வேலை அதுல போறதுதான்" என்றார். மாதங்களுக்குப் பிறகு ஒரு ஆசை சொல்கிறார்.

பக்கத்துக் கட்டில்களில் பீகாரிலிருந்தும் முர்ஷிதாபாதிலிருந்தும் வந்தவர்கள். மூன்றாவது கட்டில் அம்மாளுக்குப் பித்தப்பைப் புற்று, குழாயை அமுக்கிவிட்டது. கங்கைச் சமவெளி முழுக்கப் பெண்களிடம் இந்தப் புற்று அதிகம். உலகத்திலேயே அதிகமாகக் காணப்படும் பகுதிகளில் இதுவும் ஒன்று. அவருடைய காமாலைக்கு வயது ஆறு வாரம். ஆல்புமின் ஏற்கெனவே 2.6. புற்றும் அழற்சியும் சேர்ந்தால் இவ்வளவு விரைவில் இறங்கிவிடும். அவர் மகன் என்னிடம் ரிப்போர்ட்டை நீட்டினான். படித்துச் சொல்ல நேரமெடுத்துக்கொண்டேன்.

19 மார்ச், செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டார். செல்களில் புற்று இல்லை என்று நோயியல் அறிக்கையும் வந்தது. இன்றைய ரத்தம்: பிலிருபின் 5.6, பாஸ்பட்டேஸ் 390, சிஆர்பி 19. ஆல்புமின் 2.2.

சித்தி முகம் வாடிவிட்டது. அடைப்பு திறந்து ஒரு வாரமாயிற்று, ஏன் இன்னும் இறங்குகிறது என்று கேட்கிறாள். இறங்கவில்லை, தரைதொட்டு நிற்கிறது என்றேன். 0.1 வித்தியாசம் சோதனையின் இயல்பான ஊசலாட்டம். புதிய ஆல்புமின் சேரவே வாரங்கள் வேண்டும்.

பிலிருபினும் ஒரு கட்டத்துக்கு மேல் மெல்லத்தான் இறங்கும், அதற்கும் ஆல்புமினே காரணம். அடைப்பு நீண்டால் நேரடி பிலிருபினில் ஒரு பகுதி ஆல்புமினோடு நிரந்தரமாகப் பிணைந்துவிடுகிறது. டெல்டா பிலிருபின் என்று பெயர். பிணைந்தது சிறுநீரகம் வழியாக வெளியேறாது. அந்த ஆல்புமின் சிதைகிற வரை, மூன்று வாரப் பாதி ஆயுளோடு, ரத்தத்திலேயே சுற்றும். சிறுநீர் தெளிந்த பிறகும் கண்ணில் மஞ்சள் நிற்பது இதனால்தான். ஸ்டென்ட் அடைத்துவிட்டதோ என்று பயந்து மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்ப் பழுப்போ திரும்பி வந்தால் ஓடத்தான் வேண்டும்.

முதல் நாள் ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். மொத்தப் புரதம் 7.0 என்று ஒழுங்காக இருந்தது. ஆல்புமின் 2.3 போக மீதி 4.7 குளோபுலின். மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் எல்லாம் சரி என்று தோன்றியிருக்கும். பித்தம் இல்லாத குடலிலிருந்து கிருமிகளின் நச்சு சுவரைத் தாண்டிக் கல்லீரலுக்கு வருகிறது, சோர்ந்த கல்லீரல் அதை வடிகட்டாமல் விடுகிறது, உடம்பு எதிர்ப்புரதங்களைச் செய்து குவிக்கிறது. ஆல்புமின் சரிய, குளோபுலின் ஏற, விகிதம் தலைகீழாகிறது.

இந்தத் தலைகீழ் விகிதத்துக்கும் கல்கத்தாவுக்கும் பழைய உறவு உண்டு. 1920களில் இங்குள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் நேப்பியர் என்பவர் காலா அஸார் என்ற நோய்க்கு ஒரு சோதனை கொண்டு வந்தார். சீரத்தில் ஒரு துளி ஃபார்மலின் விட்டால், குளோபுலின் மிகுந்திருக்கும் ரத்தம் கெட்டியாகி வெளுத்துவிடும். இயந்திரம் இல்லை, மின்சாரம் வேண்டாம். வங்காளத்துக் கிராமங்களில் பல்லாண்டு அதைக் கொண்டே நோயைப் பிடித்தார்கள். சென்ட்ரல் அவென்யூ வழியாகப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை மரியாதையோடு பார்ப்பேன்.

25 மார்ச், திங்கள்

இன்று டோல், வங்காளத்து ஹோலி. நம்மூரில் பங்குனி உத்திரம். தெருவெல்லாம் அபீர் பொடி. சித்தப்பா பால்கனியில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தார்.

சாப்பாட்டு யுத்தம் ஒருவழியாக முடிந்தது. இங்கே நோயாளிக்கு என்றால் சிங்கி மீனும் வாழைக்காயும் பப்பாளிக்காயும் போட்ட தண்ணிக் குழம்புதான். மாஷிமா பக்குவமாகச் செய்து கொடுக்கத் தயார். சித்தப்பா சைவம், முட்டை வெள்ளைக்கரு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். மருத்துவர் சொன்னது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம். 54 கிலோ மனிதருக்கு நாளுக்கு 65 முதல் 80 கிராம்.

பித்தம் இல்லாவிட்டால் புரதம் செரிக்காது என்று நினைக்கிறார்கள். கொழுப்புக்குத்தான் பித்தம் வேண்டும். புரதத்தை வெட்டுவது இரைப்பை நொதியும் கணைய நொதிகளும், சித்தப்பாவுக்கு அவை நன்றாகவே இருக்கின்றன. குறைந்தது சாப்பிட்ட அளவு. அரிப்பில் தூக்கமில்லை, குமட்டலில் பசியில்லை, போதாததற்கு வீட்டாரே பருப்பை நிறுத்தினார்கள். கல்லீரல் எதை வைத்துப் புரதம் கட்டும்?

வழி இந்த ஊரே காட்டியது. தெருமுனை மிஷ்டி கடையில் காலையில் பாலைத் திரித்து எடுத்த சானா, சர்க்கரை சேர்க்காதது, சூடாகக் கிடைக்கிறது. சித்தி அதை மிளகும் கறிவேப்பிலையும் போட்டுப் பிசைந்து தருகிறாள். பதினோரு மணிக்கு பீகார்க்காரர் வண்டியில் விற்கும் சாத்து மாவு, வறுத்த கடலையை அரைத்தது, மோரில் கரைத்து. மதியம் கெட்டிப் பருப்பு, தயிர். படுக்கும் முன் பாலும் இரண்டு பிஸ்கட்டும். கல்லீரல் நோயாளிக்கு ராத்திரிப் பட்டினி உடம்புத் தசையைத் தின்னும் என்பதால் இது கட்டாயம். உப்பு குறைவு.

இன்று ஆல்புமின் 2.4.

2 ஏப்ரல், செவ்வாய்

புறநோயாளிப் பிரிவு. எனக்குள் இருந்த கேள்வியைக் கேட்டேன்: சிரோசிஸ் வந்துவிட்டதா? மருத்துவர் நேர்மையாகப் பேசினார். மண்ணீரல் சற்றுப் பெரிது, பிளேட்லெட் 1,30,000. தழும்பு ஓரளவு இருக்கிறது. எவ்வளவு என்று இப்போது ஃபைப்ரோஸ்கேன் செய்து பார்ப்பதில் பயனில்லை. குழாய்கள் பித்தத்தால் புடைத்திருந்தால் கல்லீரல் விறைத்துக் காட்டும், தழும்பாலா தேக்கத்தாலா என்று பிரிக்க முடியாது. மஞ்சள் முழுக்க இறங்கிய பிறகு செய்யலாம்.

எலிகளின் பித்தக்குழாயைக் கட்டிவிட்டால் நாலு வாரத்தில் சிரோசிஸ் வந்துவிடும். உலகமெங்கும் சோதனைச்சாலைகளில் சிரோசிஸை ஆராய இது ஒரு வழக்கமான முறை. மனிதருக்கு அவ்வளவு விரைவில் வராது. புற்று முழுக்க அடைத்தால் மாதங்கள், சித்தப்பாவுக்கு இருப்பது போன்ற அரைகுறைச் சுருக்கத்தில் வருஷங்கள். தழும்பு வந்த பிறகு ஆல்புமின் குறைய இன்னொரு காரணமும் சேரும்: உடம்பு உப்பையும் நீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும், இருக்கிற ஆல்புமின் அதில் நீர்த்துப்போகும், ஒரு பகுதி வயிற்று நீருக்குள் இறங்கிவிடும். சித்தப்பா அந்த வாசலுக்கு முன்னால் நிற்கிறார் என்று நினைக்கிறேன்.

திரும்பும் வழியில் காலேஜ் ஸ்ட்ரீட்டில் இறங்கினேன். நடைபாதைக் கடை ஒன்றில் பழைய குழந்தை மருத்துவ நூல். கல்கத்தாவில் 1887இல் சென் என்ற மருத்துவர் கைக்குழந்தைகளின் ஈரல் வீக்க நோயை விவரித்ததைப் பற்றி அதில் ஒரு பக்கம் இருந்தது. குழந்தைப் பித்தச் சிரோசிஸ் என்று அன்று பெயர் வைத்தார்கள், பித்தக்குழாய் அடைப்பு அதில் கிடையாது. வெகுகாலம் கழித்துத்தான், பித்தளைப் பாத்திரத்தில் காய்ச்சிய பாலிலிருந்து இறங்கிய செம்பு ஈரலில் சேர்வதை ஆய்வுகள் காட்டின. பாத்திரம் மாறியது, நோய் ஏறக்குறைய மறைந்தது. உடம்பு செம்பைக் கழிப்பதும் பித்தத்தின் வழியாகவே. நெடுநாள் அடைப்பில் பெரியவர்கள் ஈரலிலும் செம்பு சேரும்.

14 ஏப்ரல், ஞாயிறு

சித்திரை ஒன்று. இங்கேயும் புத்தாண்டு, பொய்லா பொய்ஷாக். சித்தி மாங்காய்ப் பச்சடி செய்திருந்தாள், வேப்பம்பூ மாஷிமா வீட்டு மரத்திலிருந்து.

பன்னிரண்டாம் தேதி எடுத்த ரத்தம்: பிலிருபின் 2.4, ஆல்புமின் 2.8. கணுக்கால் வீக்கம் வற்றிவிட்டது. ரத்தக் குழாய்க்குள் நீரைப் பிடித்து வைக்கும் இழுவிசையில் முக்கால் பங்கு ஆல்புமினுடையது. அது ஏறினால் கால் சொல்லிவிடும். சித்தப்பா தன் பழைய கணக்கு நோட்டில் தேதி போட்டு எழுதி வருகிறார்: ஒரு பத்தியில் எடை, ஒன்றில் ஆல்புமின். இன்று காப்பி கேட்டு வாங்கிக் குடித்தார்.

மெட்ரோவிலும் போய் வந்தோம். ஆற்றுக்கு அடியில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அவருக்குப் போதவில்லை, மறுபடி போக வேண்டுமாம்.

30 ஏப்ரல், செவ்வாய்

அலிப்பூரில் இன்று 43 டிகிரி. வெளியே தலை காட்ட முடியவில்லை. ரத்தம் எடுக்க நானே வீட்டுக்குப் போனேன்.

பிலிருபின் 1.6. பாஸ்பட்டேஸ் 210. ஆல்புமின் 3.2. சாயத்தை நம்பாமல் எலக்ட்ரோஃபோரஸிஸும் போட்டேன், 3.1. எடை 57 கிலோ.

ஜூனில் ஸ்டென்ட் மாற்ற வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி ஒரு வருஷம் வரை வைத்துப் பார்ப்பது, சுருக்கம் அடங்காவிட்டால் சிறுகுடலைக் கல்லீரல் குழாயோடு நேரே இணைக்கும் அறுவை. ஆல்புமின் 2.3 இருந்தபோது எந்த அறுவை மருத்துவரும் இதற்குக் கத்தி எடுத்திருக்க மாட்டார். தையல் சேராது, தொற்று வரும். 3ஐத் தாண்டிய பிறகுதான் அறுவையைப் பற்றிப் பேச்சே எழுந்தது. 4க்குத் திரும்புமா என்பது உள்ளே தழும்பு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. மாதக்கணக்கில் இறங்கியதை மாதக்கணக்கில்தான் ஏற்ற வேண்டும்.

இங்குள்ள தமிழ் நண்பர்கள் தங்கள் மலருக்கு உடல்நலக் குறிப்பு கேட்டிருக்கிறார்கள். இதை எழுதிக் கொடுத்தேன்:

கண் மஞ்சளோடு உடம்பு அரிப்பும் வெளுத்த மலமும் சேர்ந்து வந்தால் அது குழாய் அடைப்பாக இருக்கலாம். கீழாநெல்லிக்கும் மாலைக்கும் காத்திருக்காமல் அந்த வாரத்திலேயே வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுங்கள். பித்தப்பை அறுவை செய்தவருக்கு நடுக்கக் காய்ச்சல் இரண்டாம் முறை வந்தால் கல்லீரல் சோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் பிலிருபினைப் பார்த்ததும் மடித்து வைக்காதீர்கள், ஆல்புமின் வரியையும் படியுங்கள். 3.5க்குக் கீழே இருந்தால் ஏன் என்று மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவர் நிறுத்தச் சொல்லாத வரை காமாலைக்காரரின் தட்டிலிருந்து பருப்பையும் தயிரையும் எடுத்துவிடாதீர்கள்.